நியூரம்பெர்க் 1768-ஆ, ஃபிராங்க்ஃபர்ட் 1796-ஆ? ஒரே ஒரு நகரத் தாலர் வாங்குவதென்றால்

ஐரோப்பிய நகரங்கள் தம் பெயரில் அடித்த தாலர் என்ற பழைய பெரிய வெள்ளிக் காசுகளில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் எதை எடுப்பது? என் ஓட்டு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு.

வெள்ளியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே கன்வென்ஷன் தாலர், அதாவது பல ஆட்சிகள் ஒப்புக்கொண்ட ஒரே அளவில் அடித்தவை: ஒரு கொலோன் மார்க் (சுமார் 234 கிராம் கொண்ட பழைய எடை) சுத்த வெள்ளிக்குப் பத்துக் காசு என்ற கணக்கு, எடை சுமார் 28 கிராம், அதில் சுத்த வெள்ளி 23.4 கிராம். (வெள்ளிதான் முக்கியம் என்பவர்கள் 1566 நாணய ஏற்பாட்டின்படி வந்த பழைய ரைக்ஸ்தாலருக்கு (பேரரசின் தாலர்)ப் போகலாம், அது மார்க்குக்கு ஒன்பது, கிட்டத்தட்ட 26 கிராம் வெள்ளி.)

அழகில் நியூரம்பெர்க்தான். ஒரு பக்கம் மதிலும் கோபுரங்களுமாக முழு நகரம், மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகும் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் பெயரும். சுதந்திர நகரம்தான், ஆனாலும் மேலே பேரரசர் ஒருவர் உண்டு என்பதைக் காசே சொல்லிவிடும். பேரரசரே வேண்டாம் என்றால் சுவிஸ் நகரமான பாசலின் காசு இருக்கிறது, அங்கே நகரக் கேடயத்தைப் பாசிலிஸ்க் என்ற கற்பனை விலங்கு பிடித்திருக்கும்.

ஃபிராங்க்ஃபர்ட் காசில் நகரக் காட்சி கிடையாது. ஆனால் அதன் கதை வேறு எதற்கும் இல்லை. 1796 ஜூலையில் தளபதி கிளேபரின் பிரெஞ்சுப் படை நகரத்தைக் குண்டு போட்டுப் பிடித்தது, யூதர் தெருவின் ஒரு பகுதி எரிந்தே போனது, அப்புறம் நகரத்தின் தலையில் பெரிய தண்டத் தொகையைக் கட்டினார்கள். அந்தப் பணத்துக்காகத் தேவாலயத்து வெள்ளியையும் வீட்டு வெள்ளியையும் உருக்கிக் காசடித்தார்கள், தேவாலயங்கள், குடிமக்களின் பாத்திரங்களிலிருந்து வந்தது என்று காசிலேயே எழுதியும் வைத்தார்கள். யாரோ சாப்பிட்ட தட்டு, யாரோ பூசைக்கு வைத்த கிண்ணம், அதுதான் இப்போது கையில் இருக்கும் வெள்ளி. நகரத்தின் படத்தைவிட எனக்கு இதுதான் பெரிது.

வாங்கும்போது நியூரம்பெர்க் காசின் விளிம்பை நன்றாகப் பாருங்கள். அழகான காசுகளுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள், அந்தத் தடம் இருந்தால் விலை நன்றாகக் குறைய வேண்டும். எந்தக் காசிலும் மெல்லிய அரத்தடம் தெரிந்து, அச்சு அதன் மேல் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், எடை கூடிய வில்லையை (அச்சு விழாத வெறும் வெள்ளித் தகட்டை) அச்சடிக்கும் முன்பே அராவிச் சரிசெய்த தடம் அது. பாலிஷ் போட்டுப் பளபளவென்று வருவதை மட்டும் விட்டுவிடுங்கள்.