டெலூரியம் துளிகள்: பிறகு சுடுவதா, முதலிலேயே நிதானமாக வளர்ப்பதா?

அட்டன் கடைகளில் விற்கும் ஐஸ் பாக்கெட்டை ஓரத்தில் கடித்துப் பாருங்கள். வெறும் ஐஸ்தான். நிறமும் சீனியும் நடுவில் கிடக்கும். தண்ணீர் உறையும்போது தனக்கு ஒட்டாததை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அவசரமாக உறைந்தால் கொஞ்சத்தை உள்ளேயே சிறைபிடித்துவிடும். நுவரெலியாவில் விடியற்காலை தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் வெண்குருணை கட்டியிருப்பது வேறு கதை. அது நேற்றுவரை எண்ணெயோடு எண்ணெயாக இருந்தது, குளிரில் பிரிந்து வந்தது.

காமாக் கதிரை அளக்கும் உணரிகளுக்கு வளர்க்கும் காட்மியம் சிங்க் டெலூரைடு படிகத்தில் இரண்டு கதையும் நடக்கும். உருகலில் மிஞ்சிய டெலூரியத்தை வளரும் முகப்பு துளியாக விழுங்கிவிடுகிறது. ஒன்றிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை பருமன். படிகம் உறைந்து ஆறும்போது, திண்மத்தில் டெலூரியத்தின் கரைதிறன் குறைய, நானோமீட்டர் அளவில் பிரிந்து வருவதுதான் வீழ்படிவு. கட்டுரைகள் பல இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டு நம்மைக் குழப்புகின்றன. அகச்சிவப்புக் கமெராவில் முக்கோணமாகவும் அறுகோணமாகவும் கறுப்பாகத் தெரிவது சிறைபட்ட துளி. வீழ்படிவு அதில் அகப்படாது.

மருந்தும் இதைப் பொறுத்ததுதான். போகவந்தலாவைப் பக்கம் கல் தோண்டுகிறவர்களுக்குக் கெவுட தெரியும்: பால் போல் மங்கிய நீலக்கல் வகை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிக்கொண்டுபோய்ச் சுட்டு நீலமாக்கினார்கள். மங்கலுக்குக் காரணமான ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள், கல் ஆறும்போது பிரிந்தவை. அதனால் சூட்டில் மறுபடி கரைந்துவிடும். அதே கல்லில் சிர்கோன் மணி சிக்கியிருந்தால் சூடு அதைக் கரைப்பதில்லை, சுற்றி விரிசலைத்தான் விடும்.

இப்போது போட்டிக்கு வருவோம்: படிகம் வளர்க்கும் இரண்டு வழிகள், பிரிட்ஜ்மன் முறையும் நகரும் சூடேற்றி முறையும். பிரிட்ஜ்மன் முறையில் 1092 பாகை செல்சியசில் உருகும் காட்மியம் டெலூரைடோடு சிங்க்கையும் சேர்த்து உருக்கி, மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில் உறையவைக்கிறார்கள். துளி சிக்கும். பிறகு காட்மியம் ஆவியில் 600, 700 பாகையில் சுடுவார்கள். டெலூரியம் 450 பாகையிலேயே உருகிவிடுவதால் துளி அப்போது திரவம். உள்ளே ஊறிவரும் காட்மியம் அதை டெலூரைடாக மாற்றிவிடும். ஒரு பக்கம் சூடு கூடினால் துளி அந்தப் பக்கம் நகரவும் செய்யும்: முன்பக்கச் சுவரைக் கரைத்து, பின்பக்கத்தில் படிய விட்டுக்கொண்டே போகும். ஆனால் 10 பில்லியன் ஓம்-சென்டிமீட்டர் அளவில் இருக்கவேண்டிய மின் தடைத்திறன் படுத்துவிடும். அதை மீட்க டெலூரியம் ஆவியில் இன்னொரு சுற்று. துளிக்குள் ஒதுங்கியிருந்த அழுக்கும் படிகம் முழுக்கப் பரவும். ஐஸ் பாக்கெட்டின் நிறத்தை ஓரத்துக்குத் திருப்பி அனுப்பியது மாதிரி.

நகரும் சூடேற்றி முறையில் டெலூரியம் நிறைந்த கரைசல் வளையம் ஒன்று மூலப்பொருள் கட்டியினூடாக ஊர்ந்து செல்லும். சூடு உருகுநிலைக்கு நல்ல கீழே, வேகமோ நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒரு கட்டி முடிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மின்வெட்டு வரக்கூடாது! கரைசலே டெலூரியம் என்பதால் துளி இல்லாமல் போகாது. ஆனால் சின்னதாக, பரவலாக இருக்கும், அழுக்கும் வளையத்தோடு முனைக்குப் போய்விடும். செலினியம் கொஞ்சம் சேர்த்தால் துளிகள் குறைகின்றன என்பதும் நல்ல செய்தி. ஆனால் அதன் வயது இன்னும் குறைவு.

தடிமனான காமா உணரி என்றால் என் ஓட்டு நகரும் சூடேற்றிக்கே. இலத்திரன் நெடுந்தூரம் ஓடவேண்டிய இடத்தில் பெரிய துளி ஒவ்வொன்றும் ஒரு பொறி. அகச்சிவப்பு உணரிப் படலத்துக்கு அடித்தளம் மட்டும் போதும் என்றால் கதை மாறும். அங்கே உயர் தடைத்திறனை யாரும் கேட்பதில்லை. பிரிட்ஜ்மனில் வேகமாக வளர்த்து, காட்மியம் ஆவியில் ஒருமுறை சுட்டால் சரி.