கேபிள் வெளியே ஓடட்டுமா, உள்ளே ஓடட்டுமா? உப்புக் காற்றில் ஒரு மவுன்டன் பைக்

ஃபிரேமைத் தனியாக வாங்கி மவுன்டன் பைக் கட்டுகிறவர்கள் ஃபோர்க்குக்கும் கியருக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். காசிமேட்டிலோ எண்ணூரிலோ வண்டியை நிறுத்தப்போகிறவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடல் உப்பு, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, ஐப்பசி கார்த்திகையில் தெருவில் நிற்கும் தண்ணீர் எல்லாம் முதலில் கைவைப்பது கேபிளில்தான்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வடசென்னைக்கு வெளியே ஓடும் கேபிள்தான் சரி. ஆனால் வெளிவழியிலும் இரண்டு வகை உண்டு.

பழைய, விலை குறைந்த ஃபிரேம்களில் அவுட்டர், அதாவது ஒயரை மூடும் உறை, துண்டு துண்டாக இருக்கும். நடுவில் இன்னர், அதாவது உள்ளே இழுபடும் ஒயர், உறையில்லாமல் வெறுமனே ஓடும். உரசல் குறைவு, எடை குறைவு, செலவும் குறைவு. மதுரையிலோ கோவையிலோ இது போதும். இங்கே ஒவ்வொரு துண்டின் வாயும் தண்ணீருக்கும் மணலுக்கும் திறந்த கதவு. ஒரு மழைக்காலம் தாண்டினால் கியர் மாற மறுக்கும். சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் டெரெய்லரைக் குறை சொல்லி வேறு டெரெய்லர் வாங்குவோம், உள்ளே துருப்பிடித்த ஒயர் அப்படியே இருக்கும்.

அடுத்தது, ஹேண்டில்பாரிலிருந்து கியர் வரை ஒரே நீள அவுட்டர். உரசல் கொஞ்சம் கூடும், அதனால் எளிதில் துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் இன்னர் போடுவது நல்லது. கடையில் ஒன்றைக் கவனித்து வாங்குங்கள்: பிரேக் அவுட்டர் 5 மி.மீ., கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மி.மீ. கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் இருக்கும். பிரேக்கின் அழுத்தத்தில் அது பிளந்துவிடக்கூடும். மிச்சம் இருக்கிறதே என்று கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடக் கூடாது.

இதில் ஒரு தொல்லை. பழைய ஃபிரேமின் ஸ்டாப்பர்களில் (அவுட்டரின் முனை வந்து நிற்கும் பிடிகள்) இன்னர் மட்டும் நுழையும் ஓட்டைதான் இருக்கும். முழு அவுட்டர் போகாது. அதைத் துளைத்துப் பெரிதாக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பெயின்ட் போன இடத்தில் இரும்பு ஃபிரேம் உடனே துருப்பிடிக்கும். ஜிப் டையோ கிளிப்போ போட்டுக் கட்டுங்கள், அடியில் ஒரு டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டிவிட்டு. டேப் இல்லையென்றால் இடையில் சிக்கும் மணல் பெயின்ட்டை மெதுவாக அரைத்துவிடும்.

இனி உள்வழி. பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. கழுவவும் துடைக்கவும் சுலபம். பிரச்சினை, உள்ளே கேபிளுக்கென்று தனிக் குழாய் வைத்த ஃபிரேமா, வெறும் ஓட்டை மட்டும் விட்ட ஃபிரேமா என்பதில். குழாய் இருந்தால் இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் வந்துவிடும். இல்லாவிட்டால் காந்தமும் நூலும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பழைய கியர் அவுட்டரை உருவும் முன் அதற்குள் ஒரு நீள இன்னரைச் செலுத்தி, அதை ஃபிரேமுக்குள்ளேயே விட்டுவிட்டு, புது அவுட்டரை அதன் மேல் ஏற்றினால் வேலை பாதியாகும். உள்ளே தடதடவென்று அடிப்பதை நிறுத்த ஸ்பாஞ்ச் உறை போட வேண்டும். அந்த ஸ்பாஞ்ச் தண்ணீரையும் குடித்துக்கொண்டு கிடக்கும். பி.பி. கூட்டின் (பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்) அடியில் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ஃபிரேமை மழையில் ஓட்டினால் உள்ளே குளம்.

ஒயருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு உள்வழி இன்னும் சிக்கல். ஆயில் ஓடும் ஹோஸை லீவர் பக்கம் கழற்றி, நுழைத்து, அதன் முனையை இறுக்கும் ஆலிவ், பார்ப் என்ற சிறு துண்டுகளைப் புதிதாகப் போட்டு, பெரும்பாலும் பிளீடும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்ய வேண்டும். ஆனால் ஹைட்ராலிக்கையே விட்டுவிடாதீர்கள். அது மூடிய அமைப்பு, உப்பு உள்ளே போகாது. இந்த ஊர்க் காற்றுக்கு ஒயர் பிரேக்கை விட அதுதான் மேல். ஷிமானோவின் மினரல் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சாது. வேறு சில பிரேக்குகளில் ஊற்றும் டாட் (DOT) ஆயில் உறிஞ்சும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஹோஸை வெளியே ஓடவிட்டால் பழுது பார்ப்பதும் லேசு.

நம் ஊரில் முன் பிரேக்கை வலது கையில் வைத்து ஓட்டுகிறவர்கள் அதிகம். பின் பிரேக்கை வலது கையில் வைக்கும் நாடுகளுக்கென்று வடிவமைத்த பல ஃபிரேம்களில் பின் ஹோஸுக்கான ஓட்டை இடது பக்கம் இருக்கும். நம் முறையில் பின் பிரேக் இடது லீவர், ஓட்டையும் இடது பக்கம் என்றால் ஹோஸ் கூர்மையாக வளைந்து நுழையும். வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். வெளிவழியில் இந்தக் கவலையே கிடையாது.

ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங் பகுதி) வழியாகக் கேபிள் போகும் புது ஃபிரேம்களைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். மேல் பேரிங்தான் மழையையும் வியர்வையையும் முதலில் வாங்கும். அதை மாற்ற ஹோஸ்களையே கழற்ற வேண்டும்.

துணைப் பொருட்கள் மாட்டும்போதுதான் வழியின் குணம் தெரியும். மேல் குழாய் வழியாக ஓடும் கேபிள் சேற்றிலிருந்து தப்பும். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையின் குறுகிய மாடிப்படியில் வண்டியைத் தோளில் தூக்குகிறவருக்கு அது தோளில் அழுத்தும். கீழ்க் குழாயின் அடியில் ஓடினால் அந்தத் தொல்லை இல்லை. முன் சக்கரம் வீசும் கல்லும் சேறும் நேராக அடிக்கும். முன் மட்கார்டு போட்டால் சமாளிக்கலாம். ஃபிரேம் பேக்கின் பட்டை வெறும் இன்னரின் மேல் இறுகினால் கியர் குதிக்கும், முழு அவுட்டர் என்றால் பிரச்சினை இல்லை. ஹேண்டில்பார் பை மாட்டுகிறவர் அவுட்டரை வெட்டும் முன் பையை வைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கட்டும்.

பின் கேரியர் வேண்டுமென்றால் ஃபிரேமில் எம்5 (5 மி.மீ. போல்ட்) ஓட்டைகள் இருக்க வேண்டும். டிஸ்க் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) பின் சக்கரத்தை ஒட்டிய கீழ்க் குழாய் செயின்ஸ்டேக்கும் மேல் குழாய் சீட்ஸ்டேக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால் சாதாரண கேரியர் கால் நேராக வரும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் டிஸ்க்குக்கென்று வளைத்த கேரியர் தேவைப்படும். எல்லா போல்ட்டிலும் கிரீஸ் தடவுங்கள். அலுமினிய ஃபிரேமில் இரும்பு போல்ட்டை உலர்வாக முறுக்கிவிட்டால் உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆலன் கீதான் வளையும்.

மொத்தத்தில் நான் கட்டுவதாக இருந்தால்: ஹைட்ராலிக் பிரேக், வெளியே கீழ்க் குழாயில் ஹோஸ், அதன் பக்கத்தில் ஒரே நீள கியர் அவுட்டர், முன்னும் பின்னும் மட்கார்டு. உள்வழி ஃபிரேம் மலிவாகக் கிடைத்துவிட்டால் உள்ளே குழாய் இருந்தால் மட்டும் எடுப்பேன். பாரிமுனை ரத்தன் பஜாரில் அவுட்டரும் இன்னரும் வாங்குவதாக இருந்தால் கேபிள் கட்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சாதாரணக் குறடில் வெட்டினால் அவுட்டரின் வாய் நசுங்கி, இன்னர் நுழையாது.