வுல்வரின் இல்லாத அரங்கு: 'மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்'

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் வட்டாரத்துக் கேம் கடைகளில் பழைய பிளேஸ்டேஷன் 4 வட்டுகள் அடுக்கியிருக்கும் தட்டுகளைப் பார்த்தால், 'மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்' இன்றும் கண்ணில் படுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருவர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு எழும் செலவுக்குள் அதை வாங்கிவிடலாம். ஸ்பைடர்மேன், அயர்ன் மேன், ஹல்க், தோர் ஆகியோர் ஒரு பக்கமும் ரியூ, சுன்-லி, டாண்டே, மெகா மேன் எக்ஸ் ஆகியோர் மறுபக்கமும் நிற்கும் இந்தச் சண்டை விளையாட்டு 2017 செப்டம்பர் 19 அன்று வெளிவந்தது. மார்வெல் படங்கள் உலகெங்கும் திரையரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும், 20 லட்சம் பிரதிகள் போகும் என்று கேப்காம் நிறுவனம் எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பாதிதான் போனது. பிழை சண்டையின் அமைப்பில் இருந்ததாக நான் கருதவில்லை. யார் யார் களத்தில் நிற்க வேண்டும் என்ற முடிவு, இந்த வரிசையை இருபது ஆண்டுகளாகத் தாங்கி வந்தவர்களின் விருப்பத்தைக் கேளாமல், உரிமம் வைத்திருந்தவர்களின் அன்றைய திரைப்படக் கணக்கை ஒட்டி எடுக்கப்பட்டதுதான் அதைச் சாய்த்தது என்பது என் கருத்து.

இதை விளங்கிக்கொள்ள இந்த வரிசையின் பிறப்பைச் சற்று நினைவுகூர வேண்டும். மார்வெல் பாத்திரங்களை வைத்துக் கேப்காம் உருவாக்கிய முதல் சண்டை விளையாட்டு, வுல்வரின் இடம்பெறும் எக்ஸ்-மென் குழுவை மட்டுமே கொண்டு 1994இல் வந்தது. இரண்டு நிறுவனங்களின் பாத்திரங்களும் முதன்முதலாக மோதிக்கொண்ட 1996ஆம் ஆண்டு விளையாட்டின் பெயரே 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்பதாகும். 2000ஆம் ஆண்டில் வந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' மொத்தம் 56 பேரைக் களமிறக்கியது. ஆனாலும் பெரிய போட்டிகளில் ஆண்டுக்கணக்காக ஆதிக்கம் செலுத்திய நால்வர் மேக்னீட்டோ, ஸ்டோர்ம், சென்டினல், கேபிள் ஆகியோர். நால்வருமே எக்ஸ்-மென் உலகைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டிலும் அந்தத் தலைமுறையினர் பேரங்காடிகளின் ஆர்கேட் இயந்திரங்களில் டோக்கன் போட்டு விளையாடியதும், பாசார் மாலாமில் வாங்கிய வட்டைப் பிளேஸ்டேஷனில் போட்டு அண்ணன் தம்பிகளோடு மல்லுக்கு நின்றதும் பெரும்பாலும் இந்த முகங்களோடுதான். 'மார்வெல்' என்றாலே அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் நகத்தை நீட்டிக்கொண்டு பாயும் வுல்வரின்தான். அயர்ன் மேன் அதற்குப் பிறகு வந்தவர்.

'இன்ஃபினிட்' வெளிவந்தபோது அதில் இருந்த 30 பேரில் எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. ஃபென்டாஸ்டிக் ஃபோர் உலகைச் சேர்ந்த டாக்டர் டூமும் இல்லை. இவ்விரு குழுக்களையும் படமாக்கும் உரிமை அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. மார்வெலை 2009இல் வாங்கிய டிஸ்னி தன் அவெஞ்சர்ஸ் படங்களை வளர்ப்பதில் முனைந்திருந்தது. ஆனால் ஃபாக்ஸிடம் இருந்தது படம் எடுக்கும் உரிமைதானே தவிர, வீடியோ கேம் உரிமை அன்று. அதற்குச் சான்று கண்ணெதிரே இருந்தது. 'இன்ஃபினிட்' அறிவிக்கப்பட்ட அதே 2016 டிசம்பரில், வுல்வரினும் ஸ்டோர்மும் மேக்னீட்டோவும் இருக்கும் 'அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3' பிளேஸ்டேஷன் 4இல் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. ஆகவே, தடையால் விட்டுப்போனவர்களாக அவர்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேண்டாம் என்று விடப்பட்டவர்கள் என்றே நான் முடிவு செய்கிறேன். அந்த மறுவெளியீட்டில் 50 பேர் இருந்தார்கள், விலையும் குறைவு. புதிய விளையாட்டு தன் மூத்த பதிப்போடு ஒரே மேடையில் போட்டியிட்டு, ஆள் கணக்கிலும் விலையிலும் தோற்றது.

செந்தூலில் இருக்கும் என் அக்காவின் மகன் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்த வட்டைப் போட்டுக் கொடுத்தேன். பாத்திரங்களைத் தேர்வு செய்யும் திரையில் அவன் கட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருந்தான்.

"மாமா, வுல்வரின் எங்க?"

"இதுல இல்லடா."

"அப்ப டெட்பூல்?"

"அவரும் இல்ல."

அவன் கடைசியில் ஸ்பைடர்மேனை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத்தான் விளையாடினான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனே கேட்ட கேள்வியை, கட்டை விரல் தேயத் தேய விளையாடிய பழைய ரசிகர்கள் 2017இல் எவ்வளவு உரக்கக் கேட்டிருப்பார்கள் என்பதை அந்த நேரத்தில் நன்றாக உணர முடிந்தது. இக்காலத்து ரசிகர்களில் சிலருக்கு எக்ஸ்-மென் பாத்திரங்கள் நினைவில்கூட இல்லாமல் இருக்கலாம் என்று கேப்காம் தரப்பில் அப்போது ஒரு நேர்காணலில் விளக்கம் சொல்லப்பட்டது. 2016இல் 'டெட்பூல்', 2017 மார்ச்சில் வுல்வரினின் கதையான 'லோகன்' என இரு எக்ஸ்-மென் படங்கள் அடுத்தடுத்து வந்து பெரும் கூட்டத்தை ஈர்த்திருந்த வேளையில் சொல்லப்பட்ட விளக்கம் இது.

அதே நேர்காணலில் வந்த மற்றொரு கூற்று இன்னும் ஆழமாகப் புண்படுத்தியது. பாத்திரங்கள் எல்லாம் உண்மையில் வெறும் செயற்பாடுகள்தாம். மேக்னீட்டோவை விரும்புவதற்குக் காரணம் அவர் எட்டுத் திசையிலும் விரைந்து பாய்வதுதான் என்றால், அதை நோவாவும் கேப்டன் மார்வெலும் அல்ட்ரானும் செய்கிறார்களே என்பது அந்த வாதம். பயிற்சிக் களத்தில் சோதித்துப் பார்த்தால் அது உண்மைதான். அல்ட்ரானை எடுத்து ஆடினால் மேக்னீட்டோவின் பாய்ச்சல் விரல்களுக்கு நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் உரிமம் பெற்று இரு உலகங்களை இணைக்கும் விளையாட்டு ஒன்றை ஒருவர் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பாய்ச்சலுக்காக மட்டும் அன்று. தான் நேசிக்கும் பாத்திரம் தன் விரலசைவுக்கு உயிர் பெற்று எழ வேண்டும் என்பதற்காகவும்தான் வாங்குகிறார். பாய்ச்சல் மட்டும் போதுமென்றால் மார்வெலின் உரிமமே தேவையில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட ரசிகர்கள் பொறுத்திருக்கலாம். கூடுதலாகக் காசு வாங்கி விற்ற ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த விதம் எரிச்சலை மூட்டியது. சிக்மா, பிளாக் பேந்தர், மான்ஸ்டர் ஹன்டர் ஆகிய மூவரும் கதைப் பகுதியிலேயே வருகிறார்கள். அதிலும் அல்ட்ரானோடு ஒன்றாகக் கலந்து அல்ட்ரான் சிக்மாவாகி உலகை அச்சுறுத்தும் சிக்மா, கதையின் முழுமுதல் வில்லன். அவனை எதிர்த்துக் கதை முழுவதும் போராடியபின், அவனையே எடுத்து ஆட வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். முழு விலை கொடுத்தவருக்குக் கதையில் நடமாடும் பாத்திரத்தைப் பூட்டி வைத்துக் காட்டுவது எந்த வணிகத்துக்கும் அழகல்ல.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் பாகத்தில் படக்கதைப் புத்தகத்தின் மைக்கோடுகள் போல அழுத்தமான கருநிழல்கள் இருந்தன. இதில் அவை போய், பிளாஸ்டிக் பொம்மைகளைப் போன்ற மழமழப்பு வந்துவிட்டது. 2017 ஜூனில் வெளியிடப்பட்ட முன்னோட்டத்தில் சுன்-லியின் முகம் விகாரமாக இருந்ததைக் கண்டு ரசிகர்கள் கொதித்தார்கள். விற்பனைக்கு முன் அதைத் திருத்தினார்கள் என்றாலும், அதற்குள் அந்த முகம் பரவிவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சண்டையைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நீதியாகாது. எனக்குத் தெரிந்தவரை, இந்த வரிசையில் மிகுந்த சிந்தனையோடு வடிவமைக்கப்பட்ட சண்டை இதில்தான் இருக்கிறது. முந்தைய இரு பாகங்களில் மூவர் அணி. துணைக்கு அழைக்கும் ஆள் வந்து ஓர் அடி அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். இங்கே இருவர் அணி. எந்த நொடியிலும், ஓங்கிய கை பாதியில் இருக்கும்போதுகூட, ஆளை மாற்றலாம். மாற்றிய பிறகும் முதல் ஆள் தான் தொடங்கிய அடியை முடித்துவிட்டுத்தான் போவார். ஆகவே, எதிராளியின் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக நின்று நெருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பிறக்கிறது. எந்தப் பக்கம் தடுப்பது என்று எதிராளி திகைக்கும் அந்த அரை நொடியில் கிடைக்கும் இன்பம் தனி. புதியவர்களுக்காக ஒரே பொத்தானைத் தொடர்ந்து தட்டினாலே காம்போ எனப்படும் தொடர் அடி வரும் ஏற்பாடும் உண்டு. அக்காவின் மகன் ஒரு மணி நேரத்துக்குள் என்னைத் திணறடித்ததற்கு அதுவும் உதவியது.

இதற்கு மேல், மார்வெல் கதைகளில் வரும் ஆற்றல் மிக்க ஆறு இன்ஃபினிட்டி கற்கள். சண்டைக்கு முன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்வெளிக் கல் எதிராளியை ஒரு பெட்டிக்குள் அடைத்து நகர முடியாமல் செய்கிறது. ஆன்மக் கல்லோ எதிராளியின் உயிரை உறிஞ்சுவதோடு, அதன் முழு ஆற்றலையும் திறந்தால் வீழ்ந்துவிட்ட கூட்டாளியை எழுப்பிக் கொண்டுவந்து, இருவரையும் ஒரே நேரத்தில் அடிக்க வைக்கிறது. ஓர் ஆளை இழந்து, தோற்றுவிட்டோம் என்று நினைக்கும் கட்டத்தில் இந்தக் கல்லை வைத்து மீண்டுவரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. எந்த இருவருக்கு எந்தக் கல் பொருந்தும் என்பதை ஆராய்வதே ஒரு தனி விளையாட்டு. இவ்வளவு உழைப்பு தகுந்த கூட்டமில்லாமல் கிடக்கிறதே என்பதில்தான் எனக்கு உண்மையான வருத்தம்.

உரிமம் பெற்ற விளையாட்டுகளுக்கே அக்காலத்தில் வரவேற்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் உருவாக்கிய 'டிராகன் பால் ஃபைட்டர்இசட்' வந்தது. அதுவும் உரிமம் பெற்றதுதான். அதுவும் ஆள் மாற்றி ஆடும் சண்டைதான். ஆனால் கோக்கு முதல் ஃப்ரீசா வரை ரசிகர்கள் காண விரும்பிய முகங்கள், கார்ட்டூனில் கண்ட கோடும் வண்ணமும் மாறாமல் அதில் அசைந்தன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் எவோ என்னும் சண்டை விளையாட்டுப் போட்டியில் பல்லாண்டுகளாக மார்வெல் விளையாட்டு ஒன்று இடம்பெற்று வந்தது. வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத 'இன்ஃபினிட்', 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. அந்த ஆண்டு மிக அதிகமானோர் பதிந்துகொண்ட விளையாட்டு 'ஃபைட்டர்இசட்'. போட்டி மேடை கைநழுவியதும் பயிற்சி செய்பவர்கள் கலைந்தார்கள். அவர்கள் கலைந்ததும் இணையத்தில் எதிராளி கிடைப்பது அரிதாயிற்று. பெரிய நாடுகளிலேயே அந்த நிலை என்றால், நம் வட்டாரத்தில் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்னி ஃபாக்ஸை வாங்கும் உடன்பாடு 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 மார்ச்சில் நிறைவேறியது. எந்தக் கணக்கின் நிழலில் எக்ஸ்-மென் ஒதுக்கப்பட்டார்களோ அந்தக் கணக்கே காலாவதியானபோது, இந்த விளையாட்டுக்குப் புதிய பாத்திரங்கள் வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

பழைய ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2024 செப்டம்பரில் கேப்காம் தன் பழைய மார்வெல் விளையாட்டுகளைத் தொகுத்து மறுபடி வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 25 வயதான 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' எவோவின் பட்டியலுக்கே திரும்பியது. 2024 டிசம்பரில் ரசிகர்கள் சிலர் 'இன்ஃபினிட்' விளையாட்டின் கணினிப் பதிப்புக்கு ஒரு மோட், அதாவது ரசிகர்களே செய்த மாற்றத் தொகுப்பு, வெளியிட்டார்கள். படக்கதைப் பாணி வண்ணத்தை அதற்கு ஊதியமின்றிப் பூசித் தந்த அவர்களின் உழைப்பு பாராட்டத்தக்கது.

வாங்கலாமா என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து விளையாட அண்ணனோ தம்பியோ நண்பரோ இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கதைப் பகுதியைத் தவிர்த்துவிட்டு நேரே இருவர் சண்டைக்குச் செல்லுங்கள். தனியாக இருந்து இணையத்தில் எதிராளி தேட நினைப்பவர்கள் அந்தப் பணத்தைப் பழைய தொகுப்புக்குக் கொடுப்பது நல்லது. கணினி வைத்திருப்பவர்கள் கணினிப் பதிப்பை வாங்கி அந்த மோடைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வட்டு வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: முந்தைய உரிமையாளர் காசு கொடுத்துச் சேர்த்த அந்த ஆறு பேரும் அவருடைய கணக்கோடு போய்விடுவார்கள், உங்கள் கைக்கு வருவது 30 பேர் மட்டுமே.