மீன் ஏணியா, அணையை இடிப்பதா?

ஏறுவது: மீன் ஏணி என்பது மீன் அணையைத் தாண்டி மேலே ஏறப் படிகள்போல அமைத்த நீர்த்தொட்டிகள்; தொட்டிக்குத் தொட்டி ஓரடி உயரம். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில், முட்டையிடக் கடலிலிருந்து வரும் சால்மன் மீன் இப்படித்தான் ஏறுகிறது. ஏணியின் வாயிலில் நீர் வேகமாகப் பாயாவிட்டால் மீனுக்கு வழியே தெரியாது; ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனுக்கு ஏணி சரிப்படாது. இடித்தால் எல்லா மீனுக்கும் வழி.

இறங்குவது: கடலுக்குப் போகும் விரல் நீளக் குஞ்சுகள் அணையில் தேங்கிய நீரில் தாமதமாகி, டர்பைனில் அடிபடும். ஏணி இதற்கு உதவாது, தனிக் கால்வாய் வேண்டும்.

கூழாங்கல்: சால்மன் முட்டையிடும் படுக்கையே இதுதான். ஏணி வைத்தாலும் கல் அணைக்குப் பின்னால்தான் கிடக்கும். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை இடித்ததும் கல் கீழே இறங்கியது.

இடிப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள். வண்டல் மொத்தமாக வந்தால் செவுள் அடைபடும்.

மின்சாரமோ பாசனமோ இன்னும் தேவையென்றால் ஏணியும் குஞ்சுக் கால்வாயும். தூர்ந்துபோன அணையென்றால் இடிப்பதே மேல்.