மின்சார ரயிலா, மெட்ரோவா?

சென்னையில் கிண்டியிலிருந்து கிளம்புபவருக்கு இரண்டு வாய்ப்பு. ஒன்று 1931 முதல் ஓடும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். இன்னொன்று 2015-ல் வந்த மெட்ரோ.

காசைப் பார்த்தால் பேச்சே இல்லை. ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், மெட்ரோவில் 10. தினமும் போய் வருபவர்களுக்கு சீசன் டிக்கெட் இன்னும் மலிவு.

ஆனால் ரயிலின் ருசி கட்டணத்தில் இல்லை. சாயங்காலம் மகளிர் பெட்டியில் ஏறிப் பாருங்கள். ஒரு அக்கா மடியில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே மாமியார் கதை சொல்வார். எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டே தானும் ஒரு கொத்தை எடுத்து உருவுவார். நடுவில் ஹேர்பின், கொய்யா, சமோசா விற்பவர்கள் புகுந்து வருவார்கள். மாம்பலம் வந்தால் துணிப்பைகளோடு ஒரு கூட்டம் இடித்துக்கொண்டு ஏறும். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றால் மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளுக்கும் இடம் கிடைத்துவிடும்.

மெட்ரோவில் இதெல்லாம் நடக்காது. சாப்பிடவே கூடாது. ஏசி, சுத்தம், ஆளுக்கொரு போன். மே மாத மதியத்தில் அது சொர்க்கம்தான், மறுக்கவில்லை. தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று அண்ணா சாலையில் வேலை இருந்தாலும் மெட்ரோதான் சரி. அந்தப் பக்கம் ரயில் போகாது.

எழும்பூருக்கு என்றால் நான் ரயில் கட்சி. மெட்ரோவில் நடுவில் வண்டி மாற வேண்டும், ரயிலில் ஒரே மூச்சு.