மீனை விடுவதா, மீனை அள்ளுவதா?

ஏரியில் நீலப்பச்சைப் பாசி பொங்கினால், மருந்து தெளிக்காமல் உயிரினங்களைக் கொண்டே அதை அடக்க முடியுமா? முடியும் என்பதற்கு இரண்டு ஏரிகள் சாட்சி. ஆனால் இரண்டும் நேர்எதிர் வழிகளைக் காட்டுகின்றன.

சீனாவின் வூஹான் நகரிலுள்ள தொங்ஹூ ஏரியில் 1970களிலிருந்து கோடைதோறும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து வந்தது. 1985இல் அது திடீரென மறைந்தது. அதற்குள், நீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும் வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் அங்கே பெருமளவில் வளர்க்கப்பட்டிருந்தன. காரணம் இவைதானா என்றறிய, ஷியே பிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஏரிக்குள்ளேயே அடைப்புகள் கட்டிச் சோதித்தார்கள். மீனில்லாத அடைப்பில் பாசி மீண்டும் பொங்கியது. மீனை விட்டதும் சில வாரங்களுக்குள் அடங்கியது. இதற்குக் கன மீட்டருக்குச் சுமார் 50 கிராம் மீன் தேவை என்று கணக்கிட்டார்கள். இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் ஏரிக்கு இது ஒரு டன்! பேருக்கு நாலு கூடை குஞ்சு விட்டால் எதுவும் நடக்காது.

பின்லாந்தின் லாத்தி நகரை ஒட்டிய வெசியார்வி ஏரியில் கலந்த நகரக் கழிவுநீரை 1976இல் வேறு பக்கம் திருப்பினார்கள். அப்படியும் 1980களில் பாசி விடவில்லை. எனவே 1989 முதல் 1993 வரை ஆயிரம் டன்னுக்கு மேல் மீனை வலைபோட்டு அள்ளினார்கள். பெரும்பங்கு ரோச் என்னும் மீன். ரோச் குறைந்தால், அது தின்னும் டாப்னியா என்ற சிற்றுயிரான நீர்த்தெள்ளு பெருகிப் பாசியை மேயும் என்பது எதிர்பார்ப்பு. பாசி அடங்கியது உண்மை. ஆனால் நீர்த்தெள்ளு பெருகவில்லை! மீன்கள் தின்று கழித்து நீரில் சேர்த்துவந்த பாஸ்பரஸ் குறைந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பிடித்த ஒவ்வொரு மீனின் உடலோடும் கொஞ்சம் பாஸ்பரஸ் கரையேறியிருக்கிறது. அதனால்தான் என் மனம் வலையின் பக்கம் சாய்கிறது. கெண்டை வழியில் இந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால், வளர்ந்த மீனைத் தவறாமல் பிடித்தே ஆகவேண்டும். விட்டுவைத்தால் அதன் கழிவே பாசிக்கு உரம்.

ஆனாலும் ஏரி இருக்கும் இடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. குளிர்நாட்டு ஏரிகளில் பெரிய நீர்த்தெள்ளுகள் உண்டு. வெள்ளிக் கெண்டையை விட்டால் அவற்றையும் சேர்த்து வடிகட்டித் தின்றுவிடும். வெப்பநாட்டு ஏரிகளில் நீர்த்தெள்ளுகள் பெரும்பாலும் சிறியவை, மைக்ரோசிஸ்டிஸ் திரள்களை மேய அவற்றால் ஆகாது. அங்கே கெண்டைக்கே வாய்ப்பு அதிகம். நீரை வடிகட்டித் தின்னும் இன்னொரு உயிரான வரிக்குதிரைச் சிப்பியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது பல ஏரிகளில் மற்ற பாசிகளைத் தின்று, மைக்ரோசிஸ்டிஸைத் துப்பிவிடுகிறது.

நம் பண்ணைக்குட்டைகளிலும் வெள்ளிக் கெண்டை வளர்க்கிறார்கள். குட்டைக்குள் இருக்கும்வரை கவலையில்லை. ஆற்றோடு தொடர்புள்ள ஏரியில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இமாச்சலத்தின் கோவிந்த சாகரைக் காட்டுவேன். 1971 வெள்ளத்தில் ஒரு மீன்பண்ணையிலிருந்து தப்பி அந்த நீர்த்தேக்கத்தில் சேர்ந்த வெள்ளிக் கெண்டை அங்கேயே இனம் பெருக்கியது. அதன்பின் அங்கே கட்லா மீன் அருகிப்போனது.