லெட்ரின்: அழகுக்குக் குறையில்லை, பக்கத்தில் படம் மட்டும் வேண்டாம்

லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி இறக்கி வைக்க நான் எப்போதும் எடுப்பது லெட்ரின் என்ற பொதிதான் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்). ஒரு கட்டளை, எத்தனை வரி ஆழம் என்று ஓர் எண், அவ்வளவுதான். எண் தராவிட்டால் 2 வரி. 'கு', 'து' மாதிரி கீழே கால் நீட்டும் எழுத்துகளுக்கு அடியில் வரி ஒதுக்கவும் வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

தொல்லை எங்கே என்றால், அதே பத்தியில், படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிடும் ராப்ஃபிக் பொதியைக் கொண்டு வலப்பக்கம் ஒரு படத்தைச் செருகினேன், வரிகள் போய்ப் படத்தின் மேலேயே ஏறிவிட்டன. பிழைச்செய்தி? ஒன்றும் இல்லை. ஒரு பத்திக்கு ஒரே ஒரு பார்ஷேப்தான் (ஒவ்வொரு வரியின் உள்தள்ளலையும் நீளத்தையும் சொல்லும் பட்டியல்) லாடெக்குக்கு அடியில் ஓடும் டெக் வைத்துக்கொள்ளும், இரண்டு பொதிகளும் அதையே பிடித்து இழுக்கின்றன, கடைசியாகக் கை வைத்தது ஜெயிக்கும். அரைநாள் மல்லுக்கட்டிவிட்டுப் படத்தை அடுத்த பத்திக்குத் தள்ளினேன், சரியாகிவிட்டது. இல்லை, முதல் பத்தியிலேயே படம் வேண்டும் என்று அடம்பிடித்தால் லெட்ரினை விட்டுவிட்டு, பெரிய எழுத்தை நாமே ஒரு பெட்டியில் வைத்து, ஒவ்வொரு வரியின் உள்தள்ளலையும் நீளத்தையும் பார்ஷேப்பில் கையாலேயே எழுத வேண்டும். அப்புறம் எழுத்துரு அளவை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து.